மௌனித்த மின்வழங்கி: லக்கலயில் ஒரு திருத்தம் பற்றிய குறிப்புகள்

மாத்தளை மாவட்டத்து லக்கல, நக்கிள்ஸ் மலைச்சாரலை அடுத்த விவசாயப் பிரதேசம். 2018 இல் நீர் நிரப்பப்பட்ட களுகங்கை நீர்த்தேக்கத்தின் பொருட்டுப் பழைய பல்லேகம நகர் கைவிடப்பட, புதிய நகரொன்று எழுந்தது. இங்கு மிளகு பயிரிடும் சிறு விவசாயிகள் சிலர் பொதுவில் வைத்திருந்த இலத்திரனியல் தராசு, 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடளாவிய மின்தடையின் பின்னர் உயிர்பெறவில்லை. (பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததே அத்தடைக்குக் காரணமென அமைச்சர் அன்று கூறியது பலருக்கும் நினைவிருக்கும்.) தராசு பழுதாயின் வியாபாரியின் தராசே தராசு, அது காட்டும் நிறையே நிறை. மாத்தளைக்குச் சென்று மீள்வதாயின் ஒரு நாட்கூலியை இழக்க வேண்டும். எனவே, தராசுக்கு 12 வோல்ற்று வழங்கிய கையளவுப் பெட்டியொன்று மௌனித்தமை இவர்களைப் பொறுத்தவரை அற்ப விடயமன்று.

அப்பெட்டியினுள் நிகழ்வதை முதலில் நோக்குவோம். பழைய மின்வழங்கிகள் 230 வோல்ற்று ஆடலோட்டத்தைக் கனத்த இரும்பு நிலைமாற்றியாற் குறைத்தன. ஆளிமுறை மின்வழங்கியோ அதனை முதலில் நேரோட்டமாக்கி, ஏறத்தாழ 325 வோல்ற்றிற் பெரிய கொள்ளளவியொன்றிற் சேமிக்கின்றது. பின்னர் திரான்சிற்றரொன்று செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை அம்மின்னைத் திறந்து மூடுகின்றது. மீடிறன் உயர உயர நிலைமாற்றி சிறுக்கும். பெட்டி கைக்கடக்கமானதன் இரகசியம் இதுவே. 1976 இல் இவ்வாளிமுறையைக் கட்டுப்படுத்தும் தனிச் சில்லு சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த அப்பிள் 2 கணினிக்கு ரொட் ஹோல்ற் இம்முறையிலேயே மின்வழங்கியை வடிவமைத்தார்.

மின்வழங்கியைத் திறக்குமுன் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். இயங்கும் மின்வழங்கி, செருகியைக் கழற்றியதும் தன் சேமிப்பைத் தானே செலவிட்டுவிடும். இயங்காததோ அதனைச் செலவிட வழியின்றி நெடுநேரம் வைத்திருக்கும். ஆகவே ‘செத்துவிட்டது’ என்று நாம் கருதும் பெட்டியே கொல்ல வல்லது. புதிய லக்கல நகரில் இத்தராசைத் திருத்திய இளைஞர், செருகியைக் கழற்றிய பின்னரும் பெரிய கொள்ளளவியை அளந்தார். மானி முந்நூற்றுக்கு மேற் காட்டியது. சில ஆயிரம் ஓம் தடையியொன்றால் அதனை மெல்ல வடித்து, மீண்டும் அளந்து பார்த்த பின்னரே பலகையைத் தொட்டார். திருப்புளியாற் குறுக்கிணைத்துப் பொறி பறக்கச் செய்வோரும் உளர். அது வீரமன்று, அறியாமை.

அந்த 325 வோல்ற்று வேறொன்றையும் உணர்த்தியது. உருகியும் சீராக்கியும் பழுதற்றவை. கோளாறு அதற்கப்பால் உள்ளது. உருகி கருகியிருந்தால் நிலை வேறு. திரான்சிற்றரோ சீராக்கியோ குறுக்கிணைந்திருக்கும். உருகியை மட்டும் மாற்றுவது இன்னுமோர் உருகியை எரிப்பதாகவே முடியும். இத்தகைய வேளையில் 60 வாற்று இழைமின்குமிழொன்றைத் தொடரிணைப்பில் வைத்து மின்னூட்டுவர். குமிழ் ஒருகணம் ஒளிர்ந்து மங்கின் நன்று. பிரகாசமாகவே எரியின் குறுக்கிணைப்பு நீங்கவில்லை.

இனிக் கட்டுப்பாட்டுச் சில்லைக் கவனிப்போம். இங்கிருந்தது 3842 வகையைச் சார்ந்தது. தொடக்கத்தில், உயர்தடையியொன்றினூடாகச் சொட்டுச் சொட்டாக வரும் மின் சிறு கொள்ளளவியொன்றை நிரப்புகின்றது. 16 வோல்ற்றை எட்டியதும் சில்லு விழிக்கும். அதன்பின் நிலைமாற்றியின் துணைச்சுருள் அதனைப் பேணும். விழிப்புக்கும் பேணலுக்கும் இடைப்பட்ட கணத்தை அச்சிறு கொள்ளளவியின் சேமிப்பே தாங்குகின்றது. அது வரண்டிருப்பின் அழுத்தம் 10 வோல்ற்றுக்குக் கீழ் வீழ, சில்லு மீண்டும் உறங்கும். மீண்டும் விழிக்க முயலும். மானியின் முள் ஏறுவதும் இறங்குவதுமாக ஆடியதை நாமே கண்டோம். கழற்றி அளந்தபோது, 47 மைக்ரோபரட் எனப் பொறிக்கப்பட்டிருந்த கொள்ளளவி ஐந்தைக்கூட எட்டவில்லை.

மின்தடையே பழுதாக்கியது என்ற ஊரவர் கூற்று இவ்விடத்தில் ஆராயத்தக்கது. இரவுபகலாகச் செருகப்பட்டிருந்த மின்வழங்கிக்குத் துணைச்சுருள் போதுமானதாயிருந்தது. கொள்ளளவி வெப்பத்தால் ஆண்டுக்கணக்கில் வரண்டுவந்தமை புலப்படவில்லை. வெப்பநிலை பத்துப் பாகை உயர ஆயுள் பாதியாகும் என்பது இக்கொள்ளளவிகள் பற்றிய பொதுக் கணிப்பு. தடை நீங்கி மீளத் தொடங்க வேண்டிய கணத்திலேதான் உள்ளிருந்த நலிவு வெளிப்பட்டது. மின்தடை சந்தர்ப்பமேயன்றிக் காரணமன்று. சந்தர்ப்பத்தைக் காரணமாகக் கொள்ளும் மயக்கம் நமது இலக்கிய வரலாற்றெழுத்திலும் அரிதன்று.

வெளியீடின்மை எல்லாம் பழுதுமன்று. வெளியீட்டுப் பக்க இருவாயியோ தராசோ குறுக்கிணைந்திருப்பின், சில்லு தன்னைக் காக்கும்பொருட்டு வேலையை நிறுத்திவிடும். இவ்வேலைநிறுத்தத்தின் காரணத்தை நிறுத்தியவரிடம் அன்றி வேறிடத்திலேயே தேடவேண்டும்! சுமையைக் கழற்றிச் சோதிப்பது அதற்கான எளிய வழி.

அவ்விளைஞர் சிங்களத்தவர். பாடநூலில் நாம் கொள்ளளவி, இருவாயி, உருகி என எழுதுவனவற்றை, அவரது கடையிற் சிங்களவரும் தமிழரும் கப்பாசிற்றர், டயோட், பியூஸ் என்றே வழங்குகின்றனர். உழைப்பு தனக்கொரு பொதுமொழியை ஆக்கிக்கொண்டுள்ளது. நமது கலைச்சொற்றொகுதிகள் அதற்குச் செவிகொடுத்தனவா என்பது தனியே ஆராயற்பாலது. அப்பெட்டியின் ஓடு திருகாணியின்றி ஒட்டப்பட்டிருந்தது. அதனை உடைத்தே திறக்க நேர்ந்தது. திறக்கலாகாது, புதிதாக வாங்குக என்ற உற்பத்தியுறவின் ஆணை அந்த ஒட்டிலேயே எழுதப்பட்டுள்ளது. 2024 இல் ஐரோப்பிய ஒன்றியம் சில வகைப் பண்டங்களுக்குத் திருத்தும் உரிமையைச் சட்டமாக்கியது; இத்தகைய சிறு பெட்டிகள் அதன் கவனத்திற்கும் எட்டாதவை.

புதிய கொள்ளளவியின் முனைகளை நேர்மறை எதிர்மறை பார்த்துப் பற்றாசு வைத்தபின், முதலில் தராசையன்றி 12 வோல்ற்று வாகன மின்குமிழொன்றையே இணைத்தார். அது கால்மணி நேரம் சீராக எரிந்தது. பின்னர் தராசை இணைத்து, எடை தெரிந்த ஒரு கிலோ சீனிப் பொதியை வைத்தார். அன்று பிற்பகல் வியாபாரி வந்தபோது மூடைகள் இரு தராசிலும் நிறுக்கப்பட்டன.