இடறியோர்க்கும் ஒரு வாயில்

தொடக்கத்திற் பெற்ற புள்ளிகளே ஒருவனது கல்விக்கு எல்லையாகுமோ? இவ்வினாவிற்கு அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலம் அளித்த விடையை நாம் அறிதல் நன்று.

1960 ஆம் ஆண்டில் அங்கு வகுக்கப்பட்ட உயர்கல்விப் பெருந்திட்டம், பள்ளி மாணவருள் தலைசிறந்த எட்டிலொரு பங்கினர்க்கே கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் நேரே புகும் தகுதியை வகுத்தது. ஆயினும், இன்று சமுதாயக் கல்லூரிகள் எனப்படும் இளநிலைக் கல்லூரிகளிற் பயின்று பின்னர் அங்கு மாறிச் செல்லும் வழியையும் அது ஏனையோர்க்குப் பேணிற்று.

அவ்வாறு மாறும் அம்மாநில மாணவர் 60 அலகுகளை முடித்து, நான்கிற்கு 2.4 சராசரியேனும் பெறல் வேண்டும். இது குறைந்தபட்சத் தகுதியேயன்றி இடத்திற்கு உறுதியன்று. பேர்க்கிளி, லொஸ் ஏஞ்சலிஸ் வளாகங்களில் இடம்பெறுவோர் பெரும்பாலும் இதனினும் மிக உயர்ந்த சராசரி உடையோரே.

முதலாண்டின் குறை மறைவதில்லை. சராசரியிற் கலந்தே நிற்கும். கணக்கை நோக்குவோம். முதல் 30 அலகுகளில் 2.5 பெற்றவன், அடுத்த 30 இல் 3.7 பெற்றால் மொத்தச் சராசரி 3.1 ஆகும். 45 அலகுகள் கழிந்தபின் விழித்தவனோ, எஞ்சிய 15 இல் அதே 3.7 பெற்றும் 2.8 ஐயே எட்டுவான்.

ஆதலின் இடறியவர், விரும்பிய துறைக்குரிய அடிப்படைப் பாடங்களில் உடனே ஊன்றி, ஏறுமுகமான பெறுபேற்றைக் காட்டுதல் வேண்டும். வாயில் உண்டு, தாமதிப்போர்க்கு அது ஒடுங்கும்.