ஆற்றிக் குடிக்கும் தேநீர்

கொதிக்கும் தேநீரை இரண்டு பாத்திரங்களுக்கு இடையே உயரத் தூக்கி மாற்றி மாற்றி ஊற்றி, வாய் தாங்கும் பதத்துக்குக் கொண்டுவருவதற்குத் தமிழில் ‘ஆற்றுதல்’ என்று பெயர். துயரத்தில் இருப்பவரைத் தேற்றுவதற்கும் பசியைத் தணிப்பதற்கும் இதே சொல் வழங்குகிறது. சூடு ஆறுகிறது; கோபமும் ஆறுகிறது; புண்ணும் ஆறுகிறது. அவசரப்படாமல் செய்ய வேண்டிய எதையும் ‘ஆற அமர’ச் செய்யச் சொல்வார்கள். தேநீரின் சூடும் மனத்தின் சூடும் ஒரே வினைச்சொல்லால் தணிவது தற்செயல் போலத் தோன்றலாம். ஆனால் நிதானமாகத் தேநீர் குடிக்கும்போது உடலில் என்ன நடக்கிறது என்று பார்த்தால், அந்தச் சொல்லின் பொருத்தம் விளங்கும்.

இலையிலிருந்து தூள் வரை

பச்சைத் தேநீர், கறுப்புத் தேநீர், ஊலாங் என்று எத்தனை பெயர் இருந்தாலும் அத்தனையும் ‘கமேலியா சைனென்சிஸ்’ என்னும் ஒரே செடியின் இலைகள்தாம். பறித்த இலையை உடனே சூடுகாட்டி நிறுத்தினால் பச்சைத் தேயிலை. வாட்டி, கசக்கி, காற்றுப் படவிட்டால் இலையிலுள்ள நொதிகள் வேலை செய்து அதைச் செம்பழுப்பாக்கும். அதை உலர்த்தினால் கறுப்புத் தேயிலை.

தமிழ்நாட்டுக் கடைகளில் புழங்கும் டீத்தூள் பெரும்பாலும் ‘சி.டி.சி.’ முறையில் உருவானது. பற்கள் கொண்ட உருளைகளுக்கு இடையே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் சிறு குருணைகளாக்கும் முறை இது. 1930களின் தொடக்கத்தில் அசாமில் வந்த இந்த இயந்திரம் தேநீரின் தன்மையையே மாற்றியது. குருணை சிறிதாக இருப்பதால் நீர் படும் பரப்பு அதிகம்; சாயம் சட்டென்று இறங்கும்; கொஞ்சம் தூளில் நிறையத் தேநீர் கிடைக்கும். பாலும் சர்க்கரையும் சேர்த்தாலும் அமுங்கிப் போகாத அழுத்தம் அதற்கு உண்டு. தெருமுனை டீக்கடைக்கு ஏற்ற தூள் இதுவே.

தூத்துக்குடி வழியே போன பயணம்

தேயிலை விளையாத தூத்துக்குடிக் கரைக்கும் அதற்கும் பழைய தொடர்பு உண்டு. இலங்கையின் கண்டிக்கு அருகே லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டாண்டுகளில், 1869இல், அத்தீவின் காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் தாக்கத் தொடங்கியது. காப்பித் தோட்டங்கள் அடுத்தடுத்து அழிய, அந்த மலைகளில் தேயிலை ஏறியது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் சென்னை மாகாணத்தின் தென் மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள். அவர்கள் கடல் கடந்த வழிகளுள் ஒன்று தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் வழி. வ.உ.சிதம்பரம் 1906இல் தொடங்கிய சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனம் வெள்ளையர் கப்பலுக்குப் போட்டியாகக் கப்பல் விட்டதும் இதே தடத்தில்தான்.

தேநீர் குடிக்கும் பழக்கம் இந்தியாவில் தானாகப் பரவவில்லை. ஏற்றுமதித் தேயிலைக்கு 1903இல் தீர்வை விதிக்கப்பட்டு, அந்தப் பணத்தில் விளம்பரம் நடந்தது. ஊர் ஊராகப் போய்த் தேநீர் போடும் முறையைச் செய்து காட்டி, குடிக்கவும் கொடுத்தார்கள். இன்று பழைமையானதுபோல் தோன்றும் இந்தப் பழக்கத்துக்குச் சாமானியர் வீடுகளில் ஏறத்தாழ நூறாண்டு வயதுதான்.

கடையின் கருவிகள்

பழைய டீக்கடையின் இதயம் பாய்லர். செம்பிலோ பித்தளையிலோ ஆன உயரமான உருளை. நடுவில் கரி எரியும் குழாய். அதைச் சுற்றி நீர். பக்கத்தில் திருகுக் குழாய். நெருப்பு நீருக்கு உள்ளேயே இருப்பதால் வெப்பம் வீணாவது குறைவு. நாள் முழுவதும் வெந்நீர் தயாராக இருக்கும். இன்று பல கடைகளில் எரிவாயு அடுப்பு அந்த இடத்தைப் பிடித்துவிட்டது.

துணிப்பையில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினால் டிக்காஷன் இறங்கும். சூடான பாலும் சர்க்கரையும் அதனுடன் சேர, டீ மாஸ்டர் ஒரு கையில் குவளையும் மறுகையில் கிளாஸுமாக ஆற்றத் தொடங்குவார். இந்தக் கலை கடல் கடந்தும் போயிருக்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முஸ்லிம் கடைகளோடு பேர் பெற்ற ‘தே தாரிக்’ என்பதற்கு ‘இழுத்த தேநீர்’ என்று பொருள். அது இதே ஆற்றும் முறைதான்.

ஆற்றும்போது நடப்பது

கிளாஸில் அசையாமல் நிற்கும் தேநீர், மேற்பரப்பு வழியாகவும் கண்ணாடிச் சுவர் வழியாகவும் மெல்லச் சூட்டை இழக்கும். சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாகப் பொருள் குளிரும் என்று நியூட்டன் 1701இல் எழுதினார். அதனால்தான் முதல் சில நிமிடங்களில் சூடு விரைவாக இறங்குகிறது; பிறகு இறக்கம் மந்தமாகிறது.

உயரத்திலிருந்து ஊற்றும்போது தேநீர் மெல்லிய தாரையாக நீள்கிறது. அதே அளவு திரவத்துக்குக் காற்றுப் படும் பரப்பு பல மடங்கு கூடுகிறது, ஆவியாதலும் கூடுகிறது. குளிர்விக்கும் வேலையில் பெரும்பங்கு ஆவியாதலுக்கே உரியது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2300 ஜூல் வெப்பம் தேவை. 100 மில்லி தேநீரிலிருந்து ஒரே ஒரு கிராம் நீர் ஆவியாகப் போனால், மிச்சமுள்ள தேநீரின் வெப்பநிலை சுமார் 5 டிகிரி செல்சியஸ் குறைந்துவிடும்.

ஆற்றுவதில் வேறு இரண்டு பயன்களும் உண்டு. சர்க்கரை கரண்டி இல்லாமலே சீராகக் கரைகிறது. தாரையோடு உள்ளே புகும் காற்றைப் பாலின் புரதங்கள் மெல்லிய படலமாகச் சூழ்ந்து பிடித்துக்கொள்வதால் மேலே நுரை நிற்கிறது. தேயிலையின் துவர்ப்புப் பொருள்களுடன் அதே பாற்புரதங்கள் இணைவதால், பால் சேர்த்த தேநீரில் துவர்ப்பு குறைந்து தெரிகிறது.

மட்பானை நீர் குளிர்வதும் இதே விதியால்தான். பானையின் நுண்துளைகளில் கசிந்து வெளிவரும் நீர் ஆவியாகும்போது, உள்ளே இருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மண் வனையும் கைத்திறன் தாமிரபரணிக் கரைக்கு மிகப் பழையது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே ஆற்றின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் பெரிய முதுமக்கள் தாழிகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. 1876இல் ஜெர்மானியரான யாகோர் அங்கே தோண்டினார். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் விரிவாக அகழாய்ந்தார். 2004ஆம் ஆண்டு அகழாய்வில் கிடைத்த மாதிரிகளின் கார்பன் காலக்கணிப்பு கி.மு. 905, கி.மு. 696 என்ற ஆண்டுகளைக் காட்டியது. தேநீரை அறியாத அந்த மக்கள் வனைந்த கலங்களை, இன்று அந்தச் சாலைவழி வருபவர்கள் களத்திலேயே அமைந்த காட்சியகத்தில் குனிந்து பார்க்கிறார்கள்.

சூடு எங்கே நிற்க வேண்டும்

ஆறவிடுவது உடல்நலத்துக்கும் அவசியம். உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்களை ‘மனிதரில் புற்றுநோய் உண்டாக்கப் பெரிதும் வாய்ப்புள்ளவை’ என்ற வகையில் 2016இல் சேர்த்தது. கெடுதல் தேயிலையில் இல்லை, சூட்டில் இருக்கிறது. உணவுக்குழாயின் உட்சுவர் நாள்தோறும் வெந்து ஆறுவதுதான் சிக்கல். ஈரானின் கொலஸ்தான் பகுதியில் 50,045 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வு, 60 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் நாளுக்கு 700 மில்லிக்கு மேல் தேநீர் குடித்தவர்களிடம் உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயம் ஏறத்தாழ 90 விழுக்காடு கூடுதலாக இருந்ததைக் கண்டது.

‘ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கக் கூடாதா?’ என்னும் பழமொழியில் உள்ள அறிவுரை தேநீருக்கும் அப்படியே பொருந்தும்.

உடலும் மூச்சும்

தேநீரின் சுறுசுறுப்பு காஃபீனால் வருகிறது. மூளையில் நேரம் ஆக ஆகச் சேர்ந்து அசதியை உணர்த்தும் அடினோசின் என்னும் பொருள் அமர வேண்டிய இடங்களைக் காஃபீன் பிடித்துக்கொள்வதால் அசதி தெரியாமல் போகிறது. குடித்து அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொடும். பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும்.

தேயிலையில் தியனின் என்ற அமினோ அமிலமும் உண்டு. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1949இல் பச்சைத் தேயிலையிலிருந்து இதைப் பிரித்தறிந்தார்கள். விழிப்பான அமைதியோடு தொடர்புடைய ஆல்ஃபா மூளை அலைகளை இது கூட்டுவதாகச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் ஒரு கிளாஸ் தேநீரில் இருக்கும் அளவு சிறிது. அமைதி முழுவதையும் அதன் கணக்கில் எழுத முடியாது.

பெரிய பங்கு குடிக்கும் விதத்தில் இருக்கிறது. சூடான கிளாஸை முகத்தருகே கொண்டுவந்து ஊதும்போது மூச்சு நீளமாக வெளியேறுகிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று விரைவதும், வெளிவிடும்போது சற்றுத் தணிவதும் உடலின் இயல்பு. வெளிமூச்சு நீள நீள, வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துக்கு ‘நிதானம்’ என்ற செய்தி போகிறது. மூச்சுப் பயிற்சிகள் பலவும் சொல்லித்தருவது இந்த நீண்ட வெளிமூச்சைத்தான். ஊதி ஊதிக் குடிப்பவர் பயிற்சி என்று நினைக்காமலே அதைச் செய்துவிடுகிறார்.

மணத்தின் பங்கும் இதில் உண்டு. நாக்கு அறியும் சுவைகள் சில. தேநீரின் ‘ருசி’யில் பெரும்பகுதி, தொண்டையின் பின்வழியாக மூக்கை எட்டும் மணம். மடக்கென்று விழுங்கினால் அந்த மணத்துக்கு நேரம் கிடைக்காது.

சடங்கும் பெஞ்சும்

தேநீரை மனப்பயிற்சியாக வளர்த்த பெருமை சீனாவுக்கும் ஜப்பானுக்கும் உரியது. எய்சாய் என்னும் துறவி 1191இல் சீனாவிலிருந்து ஜப்பானுக்குத் திரும்பியபோது தேயிலை விதைகளையும் கொண்டுசென்றார் என்பது மரபு. தியானத்தில் தூக்கம் வராமலிருக்கத் துறவிகள் குடித்த பானம், சென் நோ ரிக்யூ (1522–1591) காலத்தில் எளிமையையும் அமைதியையும் போற்றும் தேநீர்ச் சடங்காக முழுமை பெற்றது. காஞ்சிபுரத்தோடு தொடர்புபடுத்தப்படும் போதிதர்மர், தூக்கத்தை வெல்லத் தம் இமைகளை அறுத்து எறிய, அவை விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்ததாக அங்கே ஒரு கதையும் வழங்குகிறது.

தமிழ்நாட்டில் சடங்குக்கு ஈடான இடம் டீக்கடை பெஞ்சு. நாளிதழ் ஒன்று தாள் தாளாகப் பிரிந்து பலர் கைக்குப் போகும். மழையும் விலைவாசியும் பேச்சில் வரும். ஒரு கிளாஸ் ஆறுவதற்குள் அன்றைய செய்தி முழுதும் அலசப்படும். ஆனால் அந்தப் பெஞ்சு எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை. தலித் மக்களுக்குத் தனிக் குவளை வைத்த ‘இரட்டைக் குவளை’ முறை தென் மாவட்டங்கள் உட்படப் பல ஊர்களில் நெடுங்காலம் நீடித்தது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். ஒரு மனிதரை நிற்க வைத்துவிட்டு இன்னொருவர் அமர்ந்து குடிக்கும் தேநீரில் ஆறுதல் இல்லை.

கருப்பட்டித் தேநீர்

தூத்துக்குடி மாவட்டம் தேநீருக்குத் தந்த கொடை கருப்பட்டி. உடன்குடியைச் சுற்றியுள்ள செம்மணல் தேரிப் பகுதியின் பனைகளிலிருந்து இறக்கும் பதநீரைக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி உறையவைக்கும் உடன்குடிப் பனங்கருப்பட்டி, புவிசார் குறியீடு பெற்றது. கருப்பட்டியைப் பாலோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் அதன் புளிப்பால் பால் திரிந்துவிடக்கூடும். கருப்பட்டியைத் தனியே நீரில் கரைத்து, மணல் போக வடிகட்டி, அடுப்பை அணைத்தபின் பாலோடு சேர்ப்பதே முறை. அவசரப்பட்டால் கெடும் பானம் இது.

நாள்தோறும் பழக

குடிக்கும் நேரத்திலும் கவனம் வேண்டும். தேயிலையின் டானின்கள் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுப்பதால், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேநீரைத் தவிர்க்குமாறு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி சொல்கிறது. இரத்தசோகை உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். ஒரு கோப்பைத் தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கிறது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பதும் அந்த வழிகாட்டியின் அறிவுரை. தூக்கம் கெடுபவர்கள் கடைசித் தேநீரை மாலை தொடங்குவதற்குள் முடித்துக்கொள்வது நல்லது.

நிதானத்தைப் பழகத் தனி அறையோ விலையுயர்ந்த தூளோ வேண்டாம். நாளில் ஒரு தேநீரை மட்டும் உட்கார்ந்து குடித்தால் போதும். கைப்பேசியை எட்ட வைத்துவிட்டு, கிளாஸின் விளிம்பை விரல் கூசாமல் பிடிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் இன்னும் ஆறவில்லை என்று பொருள். நிறத்தைப் பார்த்து, மணத்தை முகர்ந்து, நீள ஊதி, சிறு மடக்காகக் குடிக்க வேண்டும். மனம் வேறெங்காவது ஓடினால் அடுத்த மடக்குக்குத் திரும்பினால் போதும். தேநீர் ஆறுவதற்குச் சில நிமிடங்களே ஆகும். அந்த நிமிடங்களைத் தனக்கென்று எடுத்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு.