செத்தது பேட்டரியா, சார்ஜரா?

என் மாமனார் வீட்டு வாசலில் செம்பருத்தி வேலி ஒன்று இருக்கிறது. அதைக் கத்தரிக்க அவர் வைத்திருப்பது கம்பியில்லா மின்கத்தரி. வாங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. சென்ற பள்ளி விடுமுறையில் போனபோது அது ஸ்டோர் அறை மூலையில் கிடந்தது.

“கடைக்காரர் பேட்டரி செத்துப்போச்சுன்னு சொல்லிட்டார் மாப்பிள்ளை. இந்த மாடலுக்கு இப்ப பேட்டரியே வர்றதில்லையாம். புதுசா வாங்கச் சொல்றார்” என்றார்.

மீட்டர் வைத்துப் பார்த்தாரா என்று கேட்டேன். இல்லையாம். விசையை இரண்டு முறை அழுத்திப் பார்த்ததோடு சரி.

கருவி ஓடவில்லை என்றால் பேட்டரி மீதுதான் முதலில் பழி விழுகிறது. ஆனால் சுவரில் உள்ள மின்செருகியில் தொடங்கி, சார்ஜர், பேட்டரி, தொடுமுனைகள், விசை, மோட்டார் என்று மின்சாரம் கடந்து வரவேண்டிய பாதை நீளமானது. எங்கே அறுந்தாலும் விளைவு ஒன்றுதான். ஆகவே சுவரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவதே முறை. இதற்குத் தேவை ஒரு சாதாரண மல்டிமீட்டர். மின்பொருள் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். வெட்டும் கருவி என்பதால், கை வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

நம் நாட்டு மூன்று முனைச் செருகிக்குள் ஓர் உருகி இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். அது சரியென்றால் சார்ஜரை மின்சாரத்தில் இணைத்து, பேட்டரியை மாட்டாமல், வெளியேறும் முனைகளில் நேர்மின் அளவில் மீட்டரை வையுங்கள். பூச்சியம் காட்டினால் பழுது சார்ஜரில்தான். பல சமயங்களில் கம்பி, முனைக்குப் பக்கத்தில் வளைந்து வளைந்து உள்ளே அறுந்திருக்கும். அந்த இடத்தை மெல்ல அசைக்கும்போது மீட்டரில் எண் வந்து வந்து போனால் குற்றவாளி கிடைத்துவிட்டார். கம்பியை மாற்றினால் போதும். சார்ஜர் பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். உள்ளே வருவது 240 வோல்ட்.

சிவப்பு விளக்கு எரிகிறதே என்று சிலர் கேட்பார்கள். சில பழைய சார்ஜர்களில் அந்த விளக்கு, சுவரிலிருந்து மின்சாரம் வந்துவிட்டது என்பதை மட்டுமே சொல்லும். பேட்டரிக்குள் மின்சாரம் போகிறதா என்பது அதற்குத் தெரியாது. அதைவிட நம்பகமான சாட்சி உங்கள் உள்ளங்கை. மெதுவாக ஏற்றும் பழைய வகைச் சார்ஜரில், ஏற்றும் நேரம் முடியும் தறுவாயில் பேட்டரி இளஞ்சூடாக இருக்கும். இரவு முழுக்க வைத்தும் கல்லைப்போல் குளிர்ந்திருந்தால் மின்சாரம் ஏறவில்லை என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம்.

மாமாவின் சார்ஜர் நன்றாகவே வேலை செய்தது. இனி பேட்டரி.

அதன் மேல் ‘12 வோல்ட், நிக்கல்-காட்மியம்’ என்று எழுதியிருந்தது. 1899ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த வால்டெமார் யுங்னர் கண்டுபிடித்த மின்கல வகை இது. ஒரு கலம் தருவது 1.2 வோல்ட். அப்படியென்றால் அந்தப் பெட்டிக்குள் பத்துக் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாம் படிவத்தில் மாணவர்கள் படிக்கும் தொடர் மின்சுற்றுதான். இரவு முழுக்க ஏற்றிய பிறகு பத்தும் நன்றாக இருந்தால் மீட்டர் 13 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். எனக்குக் காட்டியது 10.5.

சும்மா இருக்கும் பேட்டரி காட்டும் எண்ணை முழுதாக நம்பக்கூடாது. வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும். காரின் 12 வோல்ட் சிக்னல் பல்பு ஒன்றை இணைத்துக்கொண்டு மறுபடி அளந்தேன். பல்பு மங்கலாக எரிந்தது. மீட்டர் இறங்கி இறங்கி 7.5இல் நின்றது. மாமா எட்டிப் பார்த்து, “ஏழரையா? அப்பச் சரிதான்” என்றார்.

பெட்டியைத் திருகாணி கழற்றித் திறந்து ஒவ்வொரு கலமாக அளந்தபோது கதை தெரிந்தது. எட்டுக் கலங்களில் 1.3 வோல்ட் அளவு இருந்தது. இரண்டில் சுத்தமாகப் பூச்சியம். அவற்றில் ஒன்றின் விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. உள்ளே இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து உண்டான கார்பனேட் அது. தோலை அரிக்கும் காரம் என்பதால் வெறுங்கையால் தொடக்கூடாது.

அந்த இரண்டு மட்டும் ஏன் செத்தன? பத்துப் பேர் வரிசையாக நின்று தண்ணீர் வாளியைக் கைமாற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவர் களைத்துப்போனாலும் மற்ற ஒன்பது பேர் நிறுத்தாமல் வாளியைத் திணித்துக்கொண்டே இருக்கிறார்கள். பேட்டரியிலும் அப்படித்தான். தயாரிப்பில் சற்றே கொள்ளளவு குறைந்த கலம் முதலில் காலியாகும். மற்றவற்றில் இன்னும் மின்சாரம் இருப்பதால், அவை காலியான கலத்தின் வழியாக மின்னோட்டத்தைச் செலுத்தி அதைத் தலைகீழாக மின்னேற்றம் செய்கின்றன. ஒவ்வொரு முறை அப்படி நடக்கும்போதும் அந்தக் கலம் சேதமாகிறது. நாளடைவில் உள்ளே உலோக இழைகள் வளர்ந்து, இரு தகடுகளும் ஒன்றையொன்று தொட்டு, பூச்சியமாகிவிடும்.

இந்த இடத்தில் பரவலான ஓர் அறிவுரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிக்கல்-காட்மியத்துக்கு ‘ஞாபகம்’ உண்டு, அதனால் ஒவ்வொரு முறையும் கடைசிச் சொட்டுவரை தீர்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பார்கள். மாமாவும் மோட்டார் முனகி நிற்கும்வரை விசையை விடாதவர். ஒற்றைக் கலத்துக்கு அது பொருந்தலாம். பத்துக் கலங்கள் தொடராக உள்ள பேட்டரியில் அந்த முனகலின்போதுதான் பலவீனமான கலம் அடி வாங்குகிறது. வேகம் குறைந்தது தெரிந்தவுடன் விரலை எடுத்துவிடுவதே நல்லது.

அவர் செய்த இன்னொன்று, வாரக்கணக்கில் சார்ஜரிலேயே மாட்டி வைத்தது. பேட்டரியின் கொள்ளளவு 1,200 மில்லி ஆம்பியர் மணி. சார்ஜர் தருவது 120 மில்லி ஆம்பியர். வகுத்தால் பத்து மணி நேரம். ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் பதினான்கு. அதற்கு மேல் போகும் மின்சாரம் எல்லாம் வெப்பமாகிறது. தானாக நிற்கும் வசதி அந்தப் பழைய சார்ஜருக்குக் கிடையாது. ‘ஞாபகம்’ என்று நாம் குறை சொல்வதில் பெரும்பகுதி இந்த அளவுமீறிய ஏற்றத்தின் விளைவுதான். போதாததற்குத் தகரக் கூரை போட்ட நம் ஊர் ஸ்டோர் அறை. வெப்பம் கூடக்கூடப் பேட்டரி தானாகவே காலியாவதும் வேகமாகும்.

செத்த இரண்டை மட்டும் மாற்றலாமா? மாற்றலாம், ஆனால் நான் மாற்றவில்லை. புதுக் கலங்களுக்கு நடுவே கிழடுகளே அடுத்த பலவீனர்களாகும். பத்தையும், அதே அளவு, அதே கொள்ளளவு, அதே வகையில், தகடு பற்றவைக்கும் வசதியுள்ள ஒரு கடையில் கொடுத்து மாற்றினேன். கலத்தின் மீது நேரடியாக ஈயம் பற்றவைத்தால் அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் காப்பு உருகிவிடும். செலவு, புதிய கருவியின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

இதுவரை சொன்னது நிக்கல் வகைக்கு மட்டும். உங்கள் பேட்டரி மேல் ‘லித்தியம்-அயான்’ என்று இருந்தால் பெட்டியைத் திறக்காதீர்கள். அதில் ஒரு கலம் 3.6 வோல்ட், பழைய 18 வோல்ட் பேட்டரியில் நிக்கல் என்றால் பதினைந்து கலங்கள், லித்தியம் என்றால் ஐந்தே. நெடுநாள் கிடப்பில் போட்டால் மின்னழுத்தம் மிகவும் இறங்கி, சார்ஜர் ஏற்ற மறுக்கும். அது பழுதல்ல, எச்சரிக்கை. அந்நிலையில் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கலாம். வேறு சார்ஜரால் வலிந்து ஏற்றினால் தீப்பற்றும் அபாயம் உண்டு. நிக்கல் சார்ஜரில் லித்தியம் பேட்டரியை எக்காரணம் கொண்டும் மாட்டக்கூடாது. உப்பியிருந்தால் அன்றோடு அதன் ஆயுள் முடிந்தது. நீண்ட நாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதி ஏற்றி, சூடில்லாத இடத்தில் வையுங்கள்.

பழைய கலங்களை மாமா குப்பைத் தொட்டியில் போடப் போனார். தடுத்துவிட்டேன். காட்மியம் நச்சு உலோகம். ஜப்பானின் டோயாமா மாநிலத்தில் சுரங்கக் கழிவிலிருந்து ஜின்சு ஆற்றில் கலந்து, வயலுக்கும் சோற்றுக்கும் போய், எலும்புகளை நொறுக்கிய ‘இத்தாய் இத்தாய்’ நோய்க்குக் காரணம் அதுதான். மலேசியாவில் நிக்கல்-காட்மியம், லித்தியம் பேட்டரிகளின் கழிவு, 2005ஆம் ஆண்டுத் திட்டமிடப்பட்ட கழிவு விதிமுறைகளின் கீழ் வருகிறது. முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, பத்துக் கலங்களையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மின்கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைத்தேன்.

மின்கத்தரி இப்போது ஓடுகிறது. சார்ஜர் பக்கத்தில் மாமா சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்திருக்கிறார். இரவு எட்டு மணிக்கு மாட்டி, காலை பத்து மணிக்குக் கழற்றுகிறார்.