பவர் பத்திரமும் பெற்றோரின் முதுமையும்

மாணவ நண்பர்களே, மூப்படைந்த பெற்றோரின் நிலபுலன்களையும் வங்கிக் கணக்கையும் யார் கவனிப்பது என்னும் வினா, உங்கள் வயதிற்கு எட்டாத ஒன்றாகத் தோன்றலாம். எங்கள் பாளையம்பட்டிப் பக்கம் அப்படியன்று. மானாவாரிக் கரிசலை மட்டும் நம்பி வாழ இயலாமல் பிள்ளைகள் சென்னைக்கும் கடல் கடந்தும் சென்றுவிடுகின்றனர். ஊரில் தனித்திருக்கும் முதியவரோ, "மகன் பேருக்கு ஒரு பவர் எழுதி வைத்துவிட்டேன், நாளைக்கு எனக்குப் புத்தி தடுமாறினாலும் அவன் பார்த்துக்கொள்வான்" என்று நிம்மதி அடைகிறார். இந்த நம்பிக்கையின் பிற்பாதி பிழையானது.

ஒருவர் தமக்குப் பதிலாகச் செயலாற்றும் உரிமையை இன்னொருவருக்கு எழுத்து மூலம் அளிப்பதே அதிகாரப் பத்திரம். பேச்சு வழக்கில் பவர். இதற்கென 1882ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஆயினும் நாம் அறிய வேண்டிய விதி 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவில் உள்ளது. எழுதிக் கொடுத்தவர் இறந்தாலும், சித்த சுவாதீனம் இழந்தாலும், பெற்றவரின் அதிகாரம் முடிவுறும் என்பது அது. சொத்தில் பெற்றவருக்கே தனி உரிமை பிணைந்திருக்கும் சில ஏற்பாடுகள் மட்டும் விலக்கு. இறப்பைப் பற்றிய பகுதியைப் பலர் அறிவர். அறிந்தும் இறந்தவரின் பத்திரத்தைக் காட்டிக் காரியம் முடிப்போர் உளர் என்பது வேறு கதை. மறதி நோய் முற்றி, மகனுடைய துணை மிகுதியாக வேண்டப்படும் அந்த நாளில்தான் பத்திரம் வெறுந்தாளாகிறது என்பதைப் பெரும்பாலோர் அறியார்.

இது கொடுமையான விதி என்று எண்ணத் தோன்றும். ஆனால், கொடுத்தவர் கணக்குக் கேட்கலாம், வேண்டாமெனின் நீக்கலாம் என்பதன்றோ இதன் அடிப்படை? கேட்க இயலாதவர் பெயரில் பிறர் தொடர்ந்து கையொப்பமிட்டால் தடுப்பார் யார்? இங்கிலாந்து 1985ஆம் ஆண்டிலேயே, அறிவு தளர்ந்த பின்னும் நிலைக்கும் பத்திரத்திற்கு, பதிவு முதலிய காவல்களோடு வழி வகுத்தது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒரு பிரதிநிதியை முன்கூட்டியே நியமிக்க இடம் தருகிறது. அவர் சிகிச்சைக்கே உரியவர், சொத்துக்கு அல்லர். உயிலோ இறந்த பின்னரே பேசும். இடைப்பட்ட காலத்திற்கு நீதிமன்றமே கதி.

2024ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு இதனை விளக்கும். நினைவிழந்து கிடந்த கணவரின் சிகிச்சைக்காக அவருடைய சொத்தை விற்க மனைவி அனுமதி வேண்டினார். முதலில் விசாரித்த நீதிபதி, உரிமையியல் நீதிமன்றத்தை நாடுமாறு கூறிவிட்டார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் மனைவியைக் காப்பாளராக நியமித்து, விற்க அனுமதித்து, 50 இலட்சம் ரூபாயைக் கணவர் பெயரிலேயே வைப்பாக இடவும் பணித்தனர். தந்தைக்காகப் பிள்ளை செல்ல வேண்டிய வழியும் இதுவே.

ஆகவே நிலம் விற்பது, பாகம் பிரிப்பது போன்றவற்றைப் பெற்றோர் தெளிவோடிருக்கும்போதே முடிப்பது நலம். பவர் வேண்டுமெனின், இன்ன பணிக்கு என வரையறுத்து எழுதுவதையே நான் விரும்புவேன். நடமாட இயலாதவரைக் கட்டிலோடு பதிவு அலுவலகத்திற்குத் தூக்கிச் செல்ல வேண்டுவதில்லை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி, பதிவு அலுவலர் அவர் இல்லத்திற்கே வந்து, தம் விருப்பத்தோடுதான் எழுதிக் கொடுத்தாரா என்று அவரையே கேட்டறிந்து சான்றளிக்கலாம்.