உஷார் அண்ணாச்சி, லாரிக்கு ஒத்த பேட்டரி வாங்காதீங்க!

"செல்ஃப் எடுக்கல, ஒரு பேட்டரி உட்காந்துருச்சு. அது ஒண்ணை மட்டும் மாத்துனாப் போதும் அண்ணாச்சி." துறைமுக ரோட்டில் அவசரத்தில் நிற்கிற லாரிக்காரரிடம் இப்படி யாராவது சொன்னால் தலையாட்டி விடாதீர்கள். காசு போவது ஒரு பக்கம். பேட்டரி வெடித்து முகத்தில் ஆசிட் தெறிக்கிற ஆபத்து அதில் இருக்கிறது.

டாரஸ் ஆனாலும் கன்டெய்னர் டிரெய்லர் ஆனாலும் 24 வோல்ட் வண்டிதான். 12 வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாக இணைத்திருப்பார்கள். ஒன்றுக்கு ஆறு செல், மொத்தம் 12. டைனமோ 28 வோல்ட் தள்ளினால் ஆளுக்கு 14 போகும், சரி. மாற்றாமல் விட்ட பழைய பேட்டரியில் ஒரு செல் ஷார்ட் ஆகிவிட்டது என்று வையுங்கள். அதே 28 வோல்ட் இப்போது 11 செல்லுக்குத்தான் பிரிகிறது. நல்ல பேட்டரிக்கு 15.3 வோல்ட்டும் கெட்டதற்கு 12.7 வோல்ட்டும் விழும். கெட்டதில் சார்ஜ் ஏறாது. நீங்கள் புதுசாகக் காசு கொடுத்து வாங்கியது கொதித்துத் தண்ணீர் வற்றும். அப்படிக் கொதிக்கும்போது கிளம்புவது ஹைட்ரஜன். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். மூடிக் கிடந்த பேட்டரிப் பெட்டியைத் திறந்து, அணையாத பீடியோடு குனிந்தாலோ, ஸ்பேனர் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் தட்டினாலோ என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள். ஒரே கம்பெனி, ஒரே ஆம்பியர், ஒரே மாதத் தயாரிப்பு. இதில் பேரம் வேண்டாம்.

ஆனால் கடைக்கு ஓடுவதற்கு முன் இன்னொன்று. நம் தூத்துக்குடியில் செல்ஃப் எடுக்காத வண்டி எல்லாவற்றுக்கும் பேட்டரி காரணம் இல்லை, உப்பும் காரணம். உப்பளத்தில் ஈர உப்பு ஏற்றிய லாரியில் சொட்டுகிற தண்ணீர் சேஸிஸில்தான் வடிகிறது. அது போக, கடல் காற்று வேறு. டெர்மினலில் பூக்கிற வெள்ளையும் பச்சையும் கண்ணுக்குத் தெரியும், யாராவது துடைத்துவிடுவார்கள். சேஸிஸில் எர்த் பட்டை போல்ட் போட்ட இடத்தின் அடியில் அரித்திருப்பது தெரியாது. மல்டிமீட்டரின் ஒரு முனையை எர்த் போகிற பேட்டரியின் நெகட்டிவ் தலையிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு எர்த்தில். கழற்றி, சுரண்டி, இறுக்கி, மேலே வாசலின் தடவினால் முடிந்தது. பட்டை நைந்திருந்தால் அதை மாற்றுங்கள்.

எர்த் சரியாக இருந்தால் பேட்டரிக்கு வாருங்கள். இரவு முழுக்க நிறுத்திய வண்டியில் காலையில் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளக்க வேண்டும். 12.6 வோல்ட் என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. சார்ஜ் போட்டும் பத்தரையைத் தாண்டாமல் நின்றால் ஒரு செல் செத்துவிட்டது. பிறகு இன்ஜினை ஓடவிட்டு, இரண்டுக்கும் சேர்த்து 27.6-லிருந்து 28.8-க்குள் வருகிறதா பாருங்கள். 30-ஐத் தொட்டால் ரெகுலேட்டர் போயிருக்கிறது. அதைப் பார்க்காமல் புது ஜோடி மாட்டினால் அதையும் சேர்த்துக் கொதிக்க வைக்கும்.

டிரைவர் அண்ணாச்சிமாருக்கு ஒரு வார்த்தை. துறைமுக கேட்டிலும் கன்டெய்னர் யார்டிலும் வரிசையில் கிடக்கும்போது ஃபேன், செல்போன் சார்ஜர், பாட்டு எல்லாவற்றுக்கும் ஒரு பேட்டரியில் மட்டும் ஒயர் இழுத்து 12 வோல்ட் எடுக்கிறோமே, அதுதான் ஜோடியைப் பிரிக்கிற வேலை. ஒன்று என்றைக்கும் பட்டினி, மற்றதுக்கு என்றைக்கும் மிகுதி. 24-ஐ 12 ஆக்குகிற கன்வெர்ட்டர் ஒன்றைப் போடுங்கள். ஒரு பேட்டரி விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

கடையில் முதலில் ஸ்டிக்கரை நம்பாதீர்கள். பழைய பெட்டிக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டிய ரீகண்டிஷன் சரக்கு புதுசு என்ற பேரில் கைமாறுவது உண்டு. மேல்மூடி ஓரத்தில் மறுபடி உருக்கி ஒட்டிய தடம், டெர்மினல் தலையில் அரம் போட்ட கீறல், சீரியல் நம்பரைச் சுரண்டிய இடம் இதெல்லாம் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். தயாரிப்பு மாதக் குறியீட்டைக் கடைக்காரரையே வாசிக்கச் சொல்லுங்கள். அசல் புதுசே ஆனாலும், நம் வெயிலில் அலமாரியில் ஒரு வருஷம் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் தட்டில் சல்பேட் படிந்து பாதி உயிர் போயிருக்கும். பில்லிலும் வாரன்டி கார்டிலும் இரண்டு பேட்டரியின் சீரியல் நம்பரும் வண்டி நம்பரும் ஏறாமல் காசு கொடுக்காதீர்கள்.

பழைய லாரி வாங்குகிறவர்கள் கூடுதலாக ஒன்று கேளுங்கள்: வண்டி வெள்ளத்தில் மூழ்கியதா? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது மாவட்டம் முழுக்க வண்டிகள் தண்ணீரில் நின்றன. மூழ்கிய வண்டியில் பேட்டரியின் மூடித் துளை வழியாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். ஒயரிங்கும் எர்த்தும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும்.

தண்ணீர் ஊற்றுகிற பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம் கரையோரத்து உப்புத் தண்ணீரில் இருக்கிற குளோரைடு தட்டை அரித்துவிடும். கேன் தண்ணீரும் போதாது. குறைந்த இடத்தில் ஆசிட் ஊற்றுகிறவரைத் தடுத்து நிறுத்துங்கள்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். கண்ணாடி போட்டுக்கொண்டு குனியுங்கள். ஆசிட் கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு நேரே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பழைய ஜோடியைத் தெருவில் வருகிற காயலான் கடைக்காரரிடம் நூறு ரூபாய் கூடுதலுக்குத் தள்ளிவிடாதீர்கள். அது ஒன்று புது ஸ்டிக்கரோடு வேறொரு லாரிக்கு வரும், இல்லை எங்கோ வெட்டவெளியில் ஈயத்துக்காக உருக்கப்படும். இந்தியாவில் ஏறக்குறைய 27.5 கோடி குழந்தைகளின் ரத்தத்தில் ஆபத்தான அளவு ஈயம் இருப்பதாக 2020-இல் யுனிசெஃப் கணக்குச் சொன்னது. பழைய பேட்டரி முறைப்படி மறுசுழற்சிக்குப் போக வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் இருக்கின்றன. புதுசு வாங்குகிற கடையிலேயே கொடுத்து, அதற்குக் கழித்த தொகையை அதே பில்லில் எழுதி வாங்குங்கள்.