இழுத்தால் நீளுமா இந்தத் துணி?

பழவங்காடி கணபதி கோயிலின் முன் தேங்காய் உடைபடும் ஓசை நாள் முழுதும் கேட்டுக்கொண்டே இருக்கும். இந்தியத் தரைப்படையின் பராமரிப்பில் உள்ள அக்கோயிலில் வணங்கித் திரும்புவோரில் பலர் அடுத்து நுழைவது துணிக்கடைக்குள்தான். ஒருபுறம் கிழக்கே கோட்டை, மறுபுறம் எம்.ஜி. சாலை, சற்றே உள்ளே திரும்பினால் திவான் ராஜா கேசவதாசர் 18-ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய சாலைக் கடைத்தெரு. தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கும் தெரு அது. மார்த்தாண்டத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் பேருந்தேறி இங்கே துணி எடுக்க வருவோர் உண்டு. ஊரின் பெயரிலேயே அங்காடி இருக்கும்போது வேறென்ன நடக்கும்!

கேரளத்தில் பள்ளிகள் ஜூன் மாதத் தொடக்கத்தில் திறக்கின்றன. அதற்கு முந்தைய வாரங்களில் இந்தக் கடைகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. "இந்தத் துணி இழுத்தா நீளுமா?" மறுமொழியும் ஆயத்தமாகவே இருக்கும். "பாலியஸ்டர் கலந்தது சார், நல்லா இழுபடும்." கேட்டவர் நிறைவடைந்து பணம் செலுத்திவிடுகிறார். அந்த மறுமொழி பாதிதான் உண்மை. மீதிப் பாதியை அறியாமல் எடுக்கும் சீருடை ஆறு மாதத்தில் முழங்காலில் தொளதொளத்துப் போகலாம். அடுப்படியில் அதைவிடப் பெரிய கேட்டையும் விளைவிக்கலாம்.

முதலில் பாலியஸ்டர் என்னும் பொருளைப் பார்ப்போம். 1941-இல் இங்கிலாந்தில் காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷன் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டிக்சனும் இந்த இழையைக் கண்டறிந்தனர். 'டெரிலின்' என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. நம் பெற்றோர் பெருமையுடன் அணிந்த டெரிகாட்டன் சட்டையின் 'டெரி' அந்தப் பெயரின் எச்சமே. இன்று உலகில் உற்பத்தியாகும் இழைகளில் பாதிக்கும் மேற்பட்டது பாலியஸ்டர்தான். நாம் குடிநீர் வாங்கும் நெகிழிப் புட்டியும் வேதியியல் நோக்கில் இதே பொருளே.

தனி இழையாக எடுத்து இழுத்தால் பாலியஸ்டர் பருத்தியைவிடக் கூடுதலாக நீளும். பருத்தி இழை தன் நீளத்தில் ஏறக்குறைய 5 முதல் 10 விழுக்காடு நீண்டதும் அறுந்துவிடும். பாலியஸ்டர் இழை அதன் வகையைப் பொறுத்து 15 முதல் 50 விழுக்காடு வரை தாங்கும். எனில், துணியும் அப்படி நீள வேண்டும் அல்லவா? மழைக்காலத்தில் நாம் விரிக்கும் குடையைப் பாருங்கள். அந்தத் துணி பெரும்பாலும் பாலியஸ்டர். இழுத்தால் இம்மியும் அசையாது. காரில் நம்மைப் பிடித்து வைக்கும் இருக்கைப் பட்டையும் பாலியஸ்டரே. அது ரப்பர் போல நீண்டால் நம் கதி என்ன? விளையாட்டு வீரர் அணியும், உடலோடு ஒட்டி வளையும் பனியனும் அதே பாலியஸ்டர்தான். மூன்றும் ஒரே இழை. நடத்தையோ மூன்று விதம்.

ஆகவே, துணியின் இழுவை இழையின் பெயரில் இல்லை. அது வேறு மூன்று இடங்களிலிருந்து வருகிறது. முதலாவது, துணி உருவான முறை. பாவும் ஊடையும் குறுக்குநெடுக்காக இறுகப் பின்னிய நெசவுத் துணியில் நூல் ஏற்கெனவே நேராக நிற்கிறது, நீள இடமில்லை. திருப்பூரில் உருவாகும் பின்னலாடையில் நூல் வளையம் வளையமாகக் கோக்கப்பட்டிருக்கிறது. இழுத்தால் வளையம் தட்டையாகும், விட்டால் மீளும். பருத்திப் பனியன் நீள்வதும் இதனால்தான். அதில் பாலியஸ்டர் துளியும் இருக்கவேண்டியதில்லை. இரண்டாவது, நூலின் சுருள். சூடு காட்டினால் மென்மையாகி, ஆறியதும் அந்த உருவிலேயே நிலைப்பது பாலியஸ்டரின் இயல்பு. ஆலையில் நூலை முறுக்கி, சூடேற்றி, ஆறவிட்டுப் பின் முறுக்கை அவிழ்க்கும்போது அது சின்னஞ்சிறு சுருள்களாகத் தங்கிவிடுகிறது. அத்தகைய நூலில் நெய்த துணி ஓரளவு நெகிழும்.

மூன்றாவதுதான் உண்மையான இழுவை. லேபிளில் 'ஸ்பான்டெக்ஸ்' என்றோ 'எலாஸ்டேன்' என்றோ 'லைக்ரா' என்றோ அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் 1958-இல் உருவாக்கிய இழை இது. தன் நீளத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் நீண்டு, மீண்டும் பழைய நிலைக்கே திரும்பும். இதைத் தனியாக யாரும் துணியாக்குவதில்லை; கறிக்கு உப்பு போலச் சேர்க்கிறார்கள். கால்சட்டைத் துணியில் 2 விழுக்காடு இருந்தாலே உட்கார்ந்து எழும் வேறுபாடு தெரியும். நீச்சல் உடையில் 15 முதல் 20 விழுக்காடு வரை போகும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்துகொள்ளலாம், செலவில்லாதது. துணியின் மேல் 10 சென்டிமீட்டரை அளந்து இரு புறமும் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கரையிலிருந்து கரைக்குச் செல்லும் ஊடைத் திசையில் அளவாக இழுங்கள். எவ்வளவு நீள்கிறது என்பது பலருக்கும் தெரிய வேண்டிய செய்தி. ஆனால் அதைவிட முக்கியமானது, விட்ட பிறகு எவ்வளவு திரும்புகிறது என்பது. ஒரு நிமிடம் கழித்து மீண்டும் அளந்தால் 10 சென்டிமீட்டருக்கு வர வேண்டும். பத்தரையில் நின்றுவிட்டால் அந்தத் துணி முழங்காலிலும் முழங்கையிலும் பை விழும். நீள்வதை மட்டும் காட்டிவிட்டு மடித்து வைத்துவிடும் கடைக்காரரிடம், மீள்வதையும் காட்டச் சொல்வது நம் உரிமை.

திருவனந்தபுரத்தின் வானிலைக்கு வருவோம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இந்நகருக்கு உண்டு. மழையில்லாத நாளிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. 100 கிராம் உலர்ந்த பருத்தி, காற்றிலிருந்தே 7 முதல் 8 கிராம் வரை ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். அதே அளவு பாலியஸ்டர் ஏற்பது அரை கிராமுக்கும் குறைவு. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து ஒரு நன்மையும் ஒரு தொல்லையும் பிறக்கின்றன. பாலியஸ்டர் வியர்வையைக் குடிக்காது, மேனியில் பிசுபிசுக்கும். ஆனால் துவைத்தால் விரைவில் உலரும். ஜூன் மாதத்தில், இரண்டே இரண்டு சீருடை உள்ள பிள்ளையின் தாய்க்கு இரண்டாவதுதான் பெரிய செய்தி. இரவு துவைத்த சட்டை காலையில் உலர்ந்திருக்க வேண்டும்; ஈர வாடையோடு பள்ளிக்கு அனுப்ப முடியாது.

எனவேதான் சீருடைக்குக் கலப்புத் துணி வந்தது. 'டி.சி.' என்று கடையில் சொல்லப்படும் டெரிகாட்டனில் பெரும்பாலும் 65 அல்லது 67 விழுக்காடு பாலியஸ்டரும் மீதி பருத்தியும் இருக்கும். சாயம் நிற்கிறது, சுருக்கம் விழுவதில்லை, பாவாடை மடிப்பு கலைவதில்லை. கால்சட்டைத் துணியில் பருத்திக்குப் பதில் விஸ்கோஸ் சேர்ப்பது வழக்கம். அது மேனிக்கு மென்மை தரும். நம் கருத்தில், கால்சட்டைக்கும் பாவாடைக்கும் இந்தக் கலப்பில் குறையொன்றுமில்லை. மேல்சட்டைக்கு மட்டும் பருத்தியின் பங்கு பாதிக்குக் குறையாத துணியைத் தேடிப் பார்ப்பது நல்லது. பகல் முழுதும் வியர்க்கும் இடம் முதுகுதானே. 'காட்டன் ஃபீல்' என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். தொட்டால் பருத்தி போல் இருக்கும் என்பதற்கு மேல் அச்சொல்லுக்குப் பொருளில்லை. விழுக்காட்டைச் சொல்லும் சிறிய எழுத்தே பேசும்.

கலப்புத் துணிக்கு இரண்டு குறைகள் உண்டு. உராயும் இடங்களில் பிசிறு உருண்டு திரண்டு நிற்கும். பருத்தியில் அந்த உருண்டை தானே உதிர்ந்துவிடும். கலப்பில் வலுவான பாலியஸ்டர் இழை அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். மற்றொன்று எண்ணெய். பாலியஸ்டர் தண்ணீரை விலக்கும், எண்ணெயை இழுத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் தேய்த்த தலைகள் நிறைந்த நாட்டில் சட்டைக் கழுத்துப் பட்டையின் நிலை சொல்ல வேண்டியதில்லை. நனைக்கும் முன் அந்த இடத்தில் பாத்திரம் துலக்கும் திரவத்தைத் தடவிச் சற்று ஊறவிட்டால் கறை இளகும்.

விலைக் கணக்கையும் இங்கேயே முடித்துவிடுவோம். எடுத்துக்காட்டாக, 400 ரூபாய்ச் சட்டை ஐந்து மாதத்தில் பிசிறு கட்டினால் மாதச் செலவு 80 ரூபாய். 600 ரூபாய்ச் சட்டை ஓராண்டு உழைத்தால் மாதம் 50 ரூபாய்தான்.

இனி, சீருடையைவிடக் கவலைக்குரிய செய்தி. கும்ப மாதத்தில் ஆற்றுக்கால் பகவதி கோயிலின் பொங்கலைத் திருநாளன்று பழவங்காடியின் சாலைகள் அடுப்புகளாகிவிடுகின்றன. மூன்று செங்கல், ஒரு மண்பானை, தென்னை ஓலையும் பாளையும் விறகு. கோயில் அடுப்பில் மூட்டிய தீ ஒருவரிடமிருந்து ஒருவருக்காகத் தெருத்தெருவாகக் கைமாறி வருகிறது. 2009-இல் 25 இலட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் நூல் பதிந்திருக்கிறது. மதுரையை எரித்த கண்ணகியே ஆற்றுக்காலில் எழுந்தருளியிருப்பதாக நம்பிக்கை. தமிழ் வாசகர்களுக்கு அது தனி நெருக்கம் தரும். அந்நாளில் பருத்தி ஆடையே உடுத்தி வாருங்கள் என்னும் அறிவுரை வழக்கமாகச் சொல்லப்படுவது. அதன் காரணத்தை அறிந்துகொண்டால் ஆண்டு முழுதும் பயன்படும்.

பருத்தி தாளைப் போல எரியும், சாம்பலாகும். பாலியஸ்டர் தீயைக் கண்டு முதலில் சுருங்கி விலகும். ஏறக்குறைய 260 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிய சொட்டு தோலில் ஒட்டிக்கொண்டு, ஆறும் வரை சுட்டுக்கொண்டே இருக்கும். எனில், பாதி பருத்தி கலந்தால் பாதி ஆபத்து குறையுமா? குறையாது. தனிப் பாலியஸ்டர் உருகிச் சொட்டித் தீயிலிருந்து விலக வாய்ப்பேனும் உண்டு. கலப்பில், எரியும் பருத்தி சாரம் போல் நின்று, உருகிய பாலியஸ்டரைக் கீழே விழவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது; விளக்குத் திரி எண்ணெயை ஏந்துவது போல. தீ தொடர்ந்து எரிகிறது. அடுப்பருகே டெரிகாட்டன் போதும் என்று எண்ணுவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பருத்தியும் தீப்பிடிக்காத துணியன்று, விரைவாகவே பற்றும். ஆகவே, சமையலறையிலும் கார்த்திகை விளக்கு வரிசையிலும் தீபாவளி வாசலிலும் துணியின் வகையோடு அதன் தொங்கலையும் பார்க்க வேண்டும். முந்தானையைச் செருகிக்கொள்வதும் துப்பட்டாவை முடிந்துகொள்வதும் முதல் காப்பு. சுட்டுவிட்டால் ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் காட்டி மருத்துவமனைக்கு விரைய வேண்டும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்த்தெடுக்கக் கூடாது.

கையில் உள்ள துணி எதுவென்று ஐயமிருந்தால், தையலோரத்திலிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தட்டின் மேல் வைத்து எரித்துப் பார்க்கலாம். காகிதம் எரியும் மணமும் பொடிச் சாம்பலும் வந்தால் பருத்தி. சுருங்கிக் கறுத்து, கடினமான மணியாக உறைந்தால் பாலியஸ்டர். இரண்டும் தோன்றினால் கலப்பு.

பழவங்காடியில் எடுக்கப்படும் கசவு வேட்டிக்கும் இச்சோதனை உதவும். நாகர்கோவில் சாலையில் உள்ள பாலராமபுரம் இதன் பிறப்பிடம். திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மாவின் காலத்தில் தமிழகத்திலிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர் குடும்பங்கள் அங்கே தறி போட்டன. அவர்களின் மெல்லிய பருத்தித் துணி இன்று புவிசார் குறியீடு பெற்றது. அதைப் போலவே தோன்றும் விசைத்தறித் துணியும் அதே கடையில் அடுக்கப்பட்டிருக்கும். அதன் சரிகை உலோகப் பூச்சிட்ட பாலியஸ்டராக இருப்பதுண்டு. பருத்திதானே என்று இஸ்திரிப் பெட்டியை மூன்று புள்ளிச் சூட்டில், அதாவது 200 டிகிரியில் வைத்தால் வேட்டி நேராகும், கரை சுருண்டுகொள்ளும். பாலியஸ்டர் கலந்த எதற்கும் இரண்டு புள்ளிக்கு மேல் போகக் கூடாது. ஸ்பான்டெக்ஸ் உள்ளதற்கு அதனினும் குறைவான சூடே நல்லது; குளோரின் வெளுப்பானும் அதற்கு ஆகாது.

கடைசியாகத் தையற்கடை. முழுப் பருத்தியானால் வெட்டும் முன் நனைத்து உலர்த்தித் தரச் சொல்லுங்கள். தைத்த பின் சுருங்குவதைத் தவிர்க்கலாம். கலப்பில் சுருக்கம் குறைவு. இழுபடும் துணி வளரும் பிள்ளைக்கு ஈடுகொடுக்கும் என்று பெற்றோர் நம்புகிறார்கள். அந்த இழுவை உட்காரவும் ஓடவும்தான், உயரத்துக்கு உதவாது. உயரத்துக்கு உதவுவது தையற்காரர் அடியில் மடித்து விடும் நான்கைந்து சென்டிமீட்டர் துணிதான். பாலியஸ்டரில் அந்த மடிப்பைச் சூடான பெட்டியால் அழுத்தித் தேய்க்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். தேய்த்தால், அடுத்த ஆண்டு அவிழ்த்து இறக்கிய பின்னும் பழைய கோடு அங்கேயே நிற்கும்.