பாலையில் எழுந்த மலைகள் – 9: உச்சியில் எரிந்த தீ

சென்ற வாரம் பபோகிவாரியின் கணவாயில் நின்றோம். அரிசோனாவின் தென்கோடி, சொனோரன் பாலை, தொஹோனோ ஓஅதம் மக்களின் புனித மலை. மற்றதெல்லாம் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் உச்சிக்குப் போய்விட வேண்டும்.

கணவாய் வரை வெறும் நடைதான். அதற்கு மேல் காலை மட்டும் நம்பிப் போக முடியாது. முகட்டை ஒட்டி, குட்டை ஓக் மரங்களுக்கும் புதர்களுக்கும் நடுவே ஒரு தடம் ஏறுகிறது. சில இடங்களில் அது தடமா, மழைநீர் அரித்த பள்ளமா என்று சொல்வது கடினம். முழுக்கைச் சட்டை போடாதவர்களின் முழங்கை முழுக்கக் கீறல் விழும். கிரானைட் உதிர்ந்து பருமணலாகிச் சரிவுகளில் பரவிக் கிடக்கிறது. மேலேறும்போது அது பெரிதாகத் தெரியாது. இறங்கும்போதுதான் காலை வாரிவிடும். பிடிமானம் தேடிக் கையை நீட்டுமுன் அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தச் சரிவுகளில் ஊசிமுனைக் கற்றாழை உண்டு, கிலுகிலுப்பைப் பாம்பும் உண்டு. முகட்டில் தண்ணீர் கிடையாது. குடிக்க வேண்டியது எல்லாம் முதுகில்தான் வர வேண்டும்.

இப்படியே தொற்றிப் போனால் தடம் பாறைக் குடுமியின் அடியில் முடிகிறது. 2,356 மீட்டர் உயர மலையின் கடைசிப் பகுதி இது; நாலாபக்கமும் செங்குத்தான கிரானைட். சாய்ந்த பலகைப் பாறை ஒன்றில் உள்ளங்காலைப் பதித்து ஏறி, திட்டுத்திட்டாக இருக்கும் புதர் மேடுகளைக் கடந்தால், அங்கே ஒரு சுவர். ‘ஏணிச் சுவர்’ என்று மலையேறிகள் அதை அழைக்கிறார்கள். அமெரிக்க ஏறுதல் அளவீட்டில் 5.6 என்று குறிப்பார்கள். பாறை ஏறிப் பழகியவருக்கு எளிது. பழகாதவர் கயிறு இல்லாமல் அதில் கை வைக்கக் கூடாது. இறங்குவதும் பெரும்பாலும் கயிற்றில்தான்.

அந்தச் சுவரில் இப்போது ஏணி இல்லை. முன்பு ஏணி பொருத்தியிருந்ததன் இரும்பு எச்சங்கள் மட்டும் பாறையில் இருக்கின்றன. இந்த உச்சியில் ஒரு காலத்தில் காட்டுத்தீயைக் கண்காணிக்கும் குடில் இருந்தது. காவலர் ஏறி இறங்கத்தான் அந்த ஏணி. சுற்றிலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் கண்ணுக்கு எட்டும் இடம். புகை எங்கே எழுந்தாலும் தெரிந்துவிடும். காவல் போய்விட்டது, குடிலும் போய்விட்டது.

இந்த வாரம் முழுக்க என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வேறொரு தீ. அது இந்தக் காவலுக்கெல்லாம் முந்தையது, அதே உச்சியில் மனிதர் மூட்டியது.

ராபர்ட் ஹம்ஃப்ரி ஃபோர்ப்ஸ் 1867-இல் பிறந்தவர். டூசான் நகரில் அரிசோனா பல்கலைக்கழகத்துக்கு வேளாண் வேதியியலாளராக 1894-இல் வந்து சேர்ந்தார். நகரிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் இருக்கும் இந்தக் குடுமி, வானம் தெளிந்த நாளில் அங்கிருந்தே தெரியும். பார்த்தவருக்குப் பிடித்துவிட்டது. பல முறை முயன்று, பாதியிலேயே திரும்பினார். 1898 ஜூலையில் ஹெசூஸ் மொன்டோயா என்பவரோடு மறுபடி வந்தார். வழியை மறித்து நின்றது இந்த ஏணிச் சுவர். கொக்கி பொருத்திய ஒரு கருவியைக் கொண்டு அதைத் தாண்டி இருவரும் உச்சியைத் தொட்டார்கள். எழுத்தில் பதிவான முதல் ஏற்றம் அது. ‘பதிவான’ என்ற சொல்லை அழுத்தியே சொல்ல வேண்டும். மலையின் அடியிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் எவரும் அதற்கு முன் ஏறவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

மேலே போனதும் அவர்கள் விறகு பொறுக்கிப் பெரிய தீயை மூட்டினார்கள். நூறு மைல் தொலைவு வரை அது தெரிந்தது என்பார்கள்.

இதை முதலில் படிக்கும்போது, வெற்றிக் களிப்பில் கொளுத்தியிருப்பார்கள் என்று கடந்துபோகலாம். கொஞ்சம் யோசித்தால் அந்தத் தீக்குள் நிறைய இருக்கிறது. அந்த உயரத்தில் எரிக்க விறகு எப்படிக் கிடைத்தது? இந்த மலைத்தொடரின் அருமையே அதில்தான். அடிவாரத்தில் சாகுவாரோ கள்ளி, மெஸ்கீட், பாலோ வெர்டே மரங்கள். மேலே போகப் போகக் கள்ளி குறைந்து ஓக்கும் புதரும் வந்துவிடுகின்றன. டூசான் கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டர் சொச்சத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி வெப்பம் குறையும் என்ற கணக்கில், ஜூலையில் நகரம் 38 டிகிரியில் வாடும்போது உச்சியில் பத்து டிகிரி குறைவு. மழையும் மேலேதான் கூடுதலாகப் பெய்யும். அதனால்தான் சுற்றிலும் பாலை காய்ந்து கிடக்க, இப்படிப்பட்ட மலைகளின் தலையில் மட்டும் மரங்கள் நிற்கின்றன. ‘வானத் தீவுகள்’ என்று சூழலியலாளர்கள் இவற்றைச் சொல்கிறார்கள். கடல் நடுவே தீவு போல, வெக்கை நடுவே குளிர்ச்சி. ஒரு மலையின் உச்சியில் வாழும் உயிரினம் அடுத்த மலைக்குப் போக நடுவிலிருக்கும் பாலையைக் கடக்க வேண்டும். ஃபோர்ப்ஸின் தீ எரிந்தது அந்தத் தீவின் விறகில்.

அடுத்தது ஜூலை. சொனோரன் பாலைக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். குளிர்காலத்தில் நிதானமாகத் தூறும் மழை ஒன்று. கோடையில் இடியோடு கொட்டும் மழை மற்றொன்று. ஜூலை முதல் பாதி இடிமழை கூடிவரும் நேரம். மதியத்துக்கு மேல் உச்சிகளில் மின்னல் இறங்கும். இன்று எந்த வழிகாட்டியும் அந்த மாதத்தில் இந்த மலைக்குப் போகாதே என்றுதான் சொல்வார். ஃபோர்ப்ஸும் மொன்டோயாவும் அந்த மாதத்தில் ஏறி, இருட்டிய பிறகும் உச்சியில் இருந்து தீயை வளர்த்திருக்கிறார்கள். தொலைபேசியில் சொல்லவோ, படம் எடுத்து அனுப்பவோ வழியில்லாத மலையில், ஏறிவிட்டோம் என்று ஊருக்குச் சொல்ல அதைவிடத் தெளிவான செய்தி இருந்திருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

ஃபோர்ப்ஸ் பிறகு எகிப்துக்கும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் போய்ப் பாசன வேளாண்மை பார்த்தார், திரும்பி வந்தார், மீண்டும் மீண்டும் இந்த மலையில் ஏறினார். கடைசியாக ஏறியது 1949-இல், 82 வயதில். நூறு வயதைத் தொட்டு 1968-இல் மறைந்தார். பபோகிவாரி ஏறுபவர்கள் இன்றும் அதிகம் போவது அவர் பெயர் தாங்கிய வழியில்தான்.

1898-இல் அந்த வெளிச்சத்தைக் கீழேயிருந்து பார்த்த ஓஅதம் மக்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதே என்னை அதிகம் உறுத்துகிறது. அவர்களுக்கு இந்தக் குடுமி உலகத்தின் நடு. அவர்களைப் படைத்த மூத்தவரான ஈதோய், உச்சிக்குக் கீழே ஒரு குகையில் வசிக்கிறார். அவர்கள் முடையும் கூடைகளில், ஒரு சுழல்வழியின் வாயிலில் நிற்கும் மனித உருவத்தைப் பார்த்திருப்பீர்கள், அது அவர்தான். குகைக்குப் போகிறவர்கள் ஏதாவது ஒரு காணிக்கையை வைத்துவிட்டு வருவார்கள். மலையின் மேற்குப் பக்கம் இன்று அவர்களுடைய நிலம். அந்தப் பக்கமாக ஏற அவர்களிடம் அனுமதி பெற வேண்டும். கிழக்கே 2,065 ஏக்கர், 1990 முதல் கூட்டாட்சி அரசின் பாதுகாக்கப்பட்ட வனம். ஒரே முகட்டின் இரு பக்கமும் இரண்டு நிர்வாகங்கள். எந்தப் பக்கம் ஏறினாலும் இது வேறொருவரின் கோயில் என்ற நினைவோடுதான் ஏற வேண்டும்.

உச்சிக்கு வந்துவிட்டோம். சின்னதொரு மேடு, புல்லும் புதரும். வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில், வேறொரு மலைத்தலையில் வெள்ளைக் குவிமாடங்கள் வரிசையாகத் தெரியும். அதுதான் கிட் பீக் வானியல் ஆய்வகம். அதற்கும் ஒரு தீக்கதை இருப்பதால் உச்சியில் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருப்போம்.

1950-களில் அமெரிக்க வானியலாளர்கள் ஒரு தேசிய ஆய்வகத்துக்கு இடம் தேடினார்கள். ஏடன் மைனல் தலைமையில் சுமார் 150 மலைகளை அலசியதில் கிட் பீக் தேறியது. ஆனால் அதுவும் ஓஅதம் நிலம், அதுவும் புனிதம். பெரியவர்கள் தயங்கினார்கள். அவர்களை டூசானுக்கு அழைத்துச் சென்று, பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட் ஆய்வகத் தொலைநோக்கி வழியாக நிலவைக் காட்டினார்கள். பார்த்துவிட்டு வந்து, ‘நீண்ட கண்கள் உடையவர்கள்’ என்று வானியலாளர்களுக்குப் பெயர் வைத்தார்கள். 1958-இல் மலையைக் குத்தகைக்கு விட்டார்கள். மிக அழகான கதை. எல்லோரும் இதோடு நிறுத்திவிடுவதுதான் குறை. 2005-இல் காமா கதிர்களை நோக்கும் ‘வெரிட்டாஸ்’ தொலைநோக்கிகளை அதே மலையில் நிறுவும் வேலை தொடங்கியபோது, முறையாகக் கலந்து பேசவில்லை என்று ஓஅதம் மக்கள் நீதிமன்றம் போனார்கள். அந்தத் தொலைநோக்கிகள் கடைசியில் வேறொரு மலையின் அடிவாரத்தில்தான் இயங்கின. நிலவைப் பார்த்துவிட்டு மலையைக் குத்தகைக்கு விட்டவர்களுக்கு, மறுப்பு சொல்லவும் உரிமை இருந்தது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமை.

இனி அந்தத் தீக்கதை. 2022 ஜூன் 11. நாம் உட்கார்ந்திருக்கும் இதே பபோகிவாரி மலைத்தொடரின் ஒரு முகட்டில் மின்னல் விழுந்தது. காய்ந்த புல்லும் புதரும் பற்றிக்கொள்ள, தீ முகடு முகடாக வடக்கே ஏறியது. ஜூன் 17 அதிகாலை கிட் பீக் உச்சியை அடைந்தது. ஆய்வகத்தில் இருந்தவர்களை முன்பே கீழே இறக்கியிருந்தார்கள். தங்குமிடம் உட்பட நான்கு கட்டடங்கள் எரிந்தன, தொலைநோக்கிகள் தப்பின. மொத்தம் ஏறத்தாழ முப்பதாயிரம் ஏக்கர் கருகியது. சிறு தீயையெல்லாம் உடனுக்குடன் அணைத்தே பழகிய மலையில் எரிபொருள் சேர்ந்துகொண்டே போகிறது. பிறகு வெப்பமும் வறட்சியும் கூடும் ஆண்டு ஒன்றில் ஒரு மின்னல் போதும். வானத் தீவின் மரங்களுக்கு ஓடி ஒதுங்க அதற்கு மேல் உயரம் கிடையாது.

சாகுவாரோ கள்ளியைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். தீ இடத்தைப் பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் மேற்குச் சரிவில் இறங்கி நேராக அந்தக் கள்ளிக் காட்டுக்குப் போவோம். ஒரு கிளை விடவே ஐம்பது ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் அந்தக் கள்ளி, கன்றாக இருக்கும்போது பாலோ வெர்டே மரத்தின் நிழலில் ஒளிந்து வளர்கிறது. ஜூன் கடைசியில் அதன் உச்சியில் சிவக்கும் பழத்தை, செத்த கள்ளியின் விலாக்குச்சியால் கட்டிய நீண்ட கழியைக் கொண்டு ஓஅதம் பெண்கள் தட்டி எடுக்கிறார்கள். அதைப் புளிக்க வைத்துக் குடித்து மழையை அழைக்கும் சடங்கு வரை சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

(தொடரும்)